ஒரு நாள் மரப்பு

வசுமதியின் ஞானப்பல்லை எடுக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் தாடை நரம்பு பல்லின் வேரை ஒட்டியே ஓடியது. கொஞ்சம் பிசகினாலும் கீழுதடு ஆயுசுக்கும் மரத்துப்போகலாம். சம்மதக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த மரப்பை முதலில் ஒரு நாள் தன் உதட்டில் சுமந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்பா கையெழுத்துதான் செல்லும் என்றது ஆஸ்பத்திரி.

"எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கேன். என் வாய்க்கு அவரு எதுக்கு?" என்று வசுமதி சண்டை போட்டும் பலிக்கவில்லை.

"ஒரு பல்லுக்கு இம்புட்டுக் கூத்தா?" என்று சிரித்தபடியே ஊசி போட்டுக்கொண்டு போனார் அப்பா சோலைமலை.

மறுநாள் வந்தபோது அவர் உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் குடித்த டீ சட்டையில் வழிந்தது அவருக்கே தெரியவில்லையாம். கூட்டாளிகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

"வேணாம் டாக்டர். எம்புள்ள காலம்பூரா இப்பிடி நிக்கக் கூடாது. பல்லு இருந்துட்டுப் போகட்டும்."

"உங்க வாயிலயா இருக்கு, இருந்துட்டுப் போக?" வசுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "மரப்பைத்தானப்பா உங்களுக்குக் காட்டுனாங்க. என் வலியக் காட்டலையே."

சோலைமலை டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அதையும் போடுங்க டாக்டர்."

"அதுக்கு ஊசி கிடையாதுங்கய்யா."

"அப்ப நான் சொல்றத நம்பித்தான் ஆகணும்" என்றாள் வசுமதி.

அவர் மகளின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும் ஆத்தா?" என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.