சாக்குப் பைக்குள் ஒரு போன்

அபோசெடே கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் விழுந்தபோது, அவள் தம்பி லாடிப்போவின் ஒரு கண் ஏற்கெனவே மூடிப்போயிருந்தது.

பஞ்சர் கடை சுராஜுவின் ஒரு கையில் இரும்புக் கம்பி. மறு கையில், லாடிப்போவின் சாக்குப் பைக்குள் இருந்து எடுத்த போன்.

குப்பை பொறுக்கித் திரிகிற பைத்தியத்துக்கு எதற்குப் போன்? இபாடான் நகரச் சந்தையில் அந்த ஒரு கேள்வி போதும். பைத்திய வேஷம் போட்டுப் பிள்ளை பிடிக்கிறவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் கழுத்தில் டயரை மாட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவதுதான்.

டயர் வந்துவிட்டது.

போனைப் பையில் போட்டவளே அவள்தான். தினமும் நடுப்பகலில் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவாள். அவன் பட்டனை அமுக்கினால் போதும், பின்னால் கேட்கிற சத்தமே இடத்தைச் சொல்லிவிடும். மாவு மில் இரைந்தால் தெற்கு வாசல், கண்டக்டர்கள் கத்தினால் பஸ் நிலையம். இடம் தெரிந்தால் சோறு கொண்டுபோவாள்.

இன்று அந்த மணிச் சத்தம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

கம்பி லாடிப்போவின் மேல் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"அடிக்காதீங்க! என் கூடப்பிறந்தவன்! போன் நான் குடுத்தது!"

சுராஜு திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்போ இவனை அனுப்புற முதலாளியம்மா நீதானா?"

தலைத்துணியை யாரோ பிடுங்கினார்கள். வயிற்றில் ஒரு மிதி. டயர் அவள் கழுத்தில் விழுந்தது. தலையில் ஊற்றிய பெட்ரோல் கண்ணை எரித்தது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

லாடிப்போ எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"அவளை விடுங்கடா. அந்தப் பொம்பளை யாருன்னே எனக்குத் தெரியாது. பிள்ளை பிடிக்கிறவன் நான்தான்."

சுராஜு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"கேட்டீங்களா, என்னமா தெளிவா பேசுறான்! பைத்தியமாம் பைத்தியம்!"

டயரை அவள் கழுத்திலிருந்து உருவினார்கள். ஒரு மீன்காரி அவளைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

"இரக்கப்பட்டுப் பொய் சொல்லிச் சாகப் பாத்தியேடி! போ, வீட்டுக்குப் போ."

அபோசெடே நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் தீக்குச்சி கேட்டார்கள்.

லாடிப்போ பேசி நாலு வருஷம் ஆகிறது. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்றுதான் அவள் ஊரிலிருக்கிற ஜெபக்கூடம் அத்தனையும் ஏறி இறங்கியிருந்தாள்.