ஒரு வண்டிக்கு ஒரு பேரு

“இன்னும் எத்தனை கேள்வி கேக்கப்போற? கார் எடுக்க வந்தியா, கோர்ட்டுக்கு வந்தியா?” ரஞ்சித்குமார் பல்லைக் கடித்தான்.

யுவராணி கணவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தர்மபுரியில், நாமே ஓட்டிப்போக வாடகைக்குக் கார் தரும் ஆபீசில் உட்கார்ந்து, நிபந்தனைத் தாளை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். திருப்தியானால்தான் அட்வான்ஸ்.

“ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. நாங்க பாண்டிச்சேரி போறமுங்க. ரெண்டு நாளுக்கும் சேத்து அறுநூறா?”

“சேத்துதாங்க,” என்றார் உரிமையாளர் ஆரோக்கியராஜ்.

“பாண்டிச்சேரிக்குள்ள நுழைய பர்மிட்?”

“இருக்குதுங்க.”

“ஏற்கெனவே இருக்கற கீறலுக்கு எங்களைப் புடிக்க மாட்டீங்களே?”

“கெளம்பறப்ப சுத்தி வந்து வீடியோ எடுத்துக்கங்க.”

ஒவ்வொரு பதிலுக்கும் அவளுக்குள் ஒரு துள்ளல். ஏரியூரிலிருந்து கடல் பார்க்கப் போகிறார்கள்! மாமியார் சென்னம்மாள் கடலை டிவியில் பார்த்ததோடு சரி.

ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

“முன்பதிவில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும். வேறு யார் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் செல்லாது... ஏங்க, புக்கிங்ல என் பேருதானே இருக்கு?”

நேற்று போனில் புக்கிங் செய்தபோது ஆபீசில் லைசென்ஸ் போட்டோ கேட்டார்கள்; அப்போது ரஞ்சித்குமார் வெளியே போயிருந்தான். வண்டி கைநழுவிவிடக் கூடாதே என்று அவள் தன்னுடையதை அனுப்பியிருந்தாள்.

“அதனால என்ன? என் பேரையும் சேருங்க,” என்றான் அவன்.

“ஒரு வண்டிக்கு ஒரு பேருதாங்க.”

“அப்ப அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க.”

“அது புது புக்கிங் ஆயிருமுங்க. லீவு நாளு வேற. இந்த வண்டிக்கு மூணு பேரு காத்துட்டு இருக்காங்க.”

ரஞ்சித்குமார் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். “அம்மா, இவதான் ஓட்டணுமாம். போலாமா, வேணாமா?”

“அய்யோ! இவளா? வழியெல்லாம் உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு வரணுமே!” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “என்னமோ பண்ணித் தொலைங்க. நான் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்.”

யுவராணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. டிரைவிங் படிக்கப் போனபோதும் அத்தை இப்படித்தான். ‘நம்ம வூட்ல காரு எங்க நிக்குது, நீ ஓட்டறதுக்கு?’ லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் சாவி கொடுத்ததில்லை.

“நானே ஓட்டறேன்,” என்றாள். அட்வான்ஸ் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் தர்மபுரி வந்தார்கள். வெள்ளைக் கார். யுவராணி சுற்றி வந்து வீடியோ எடுத்தாள், சீட்டை முன்னால் இழுத்தாள், மூச்சை இழுத்துவிட்டுச் சாவியைத் திருகினாள்.

“பிரேக்கு! பிரேக்கு!” பக்கத்து சீட்டில் ரஞ்சித்குமார் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தான்.

“டேய், நீ கத்தறதுலதான்டா எனக்கு பயமா இருக்குது,” என்று பின்னாலிருந்து அதட்டினாள் சென்னம்மாள்.

அரூர் வரைக்கும் யுவராணியின் உள்ளங்கையெல்லாம் வேர்வை. அரூர் தாண்டி, ஒரு கரும்பு லாரியை நிதானமாக முந்தினாள். யாரும் கத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் ரஞ்சித்குமார் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருவண்ணாமலை மலை தெரிந்தபோது, பாட்டை வைத்துக் கூடவே பாடிக்கொண்டு போனாள்.

பாண்டிச்சேரியில் சென்னம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழம் இறங்கிவிட்டாள். “யுவராணி, இங்க வா! ஆத்தாடி, எத்தாத்தண்டி தண்ணி!” அலை வரும்போதெல்லாம் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கீறல் இல்லாமல் வண்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. ரஞ்சித்குமார் பைகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

யுவராணி சாவியை நீட்டியபடி கேட்டாள். “அடுத்த வாட்டி அவரு பேரையும் சேக்க ஏதாவது வழி இருக்குங்களா? பாவம், அவருக்கும் ஓட்டணும்னு ஆசை.”

“தாராளமா சேக்கலாமுங்க. லைசென்ஸ் குடுத்தா எத்தனை பேரு வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

“ஒரு வண்டிக்கு ஒரு பேருன்னு அன்னைக்குச் சொன்னீங்களே?”

ஆரோக்கியராஜ் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“என்னைப் பொய் சொல்ல வெச்சது உங்க மாமியாருங்க. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வர்றதுக்குள்ள போன் வந்துருச்சு. ‘எம் மவன் பேரைச் சேத்துராதீங்க சாமி. அவன் ஸ்டியரிங்கைத் தொட்டான்னா, எம் மருமவ கடைசி வரைக்கும் பக்கத்து சீட்டுலயேதான் உக்காந்திருப்பா’ன்னாங்க.”