பின்பலகை

உளி உள்ளே போன வேகத்தைப் பார்த்து அமிர்தசாமி மேஸ்திரி கையை நிறுத்தினார்.

சுத்தியலால் தட்டவே இல்லை. சும்மா ஊன்றியதற்கே பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

படகின் பின்பலகை அது. மோட்டாரைத் தாங்குகிற பலகை. கிழிந்த ஓரத்தைத் தவிர வெளியே பைபர் தோல் பளபளவென்று, நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியது போல இருந்தது. அந்தத் தோலை ஒரு சாண் அகலத்துக்கு ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார். உள்ளே மரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் கூழ் இருந்தது.

விரலை விட்டுக் கிள்ளினார். ஊசிப்போன கேப்பைக் களி மாதிரி பிய்ந்து வந்தது. ஏரி வற்றும்போது அடிக்கிற நாற்றம் அடித்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் அந்தப் பலகையைப் போட்டவர் அவர்தான்.

மரக்காணம் பக்கத்து உப்பங்கழிக்கு மாதாகோயில் வெள்ளைக்காரச் சாமியார் அந்தப் படகைக் கொண்டுவந்தபோது, சுற்றுவட்டாரத்தில் யாரும் பைபரைக் கண்ணால் கண்டதில்லை. பழுது வந்ததும் லாரியில் ஏற்றித் திண்டிவனத்துக்கு இவரிடம் அனுப்பினார்கள். கோயில் பெஞ்சிலிருந்து சவப்பெட்டி வரைக்கும் இழைத்த கை. பைபருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று நினைத்தார். மரப்படகுக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். புன்னைப் பலகையை ஏரியில் ஊறப்போட்டு, ஈரம் காயுமுன் பொருத்தினார். ஈரப் பலகை உப்பிக்கொண்டு இடுக்கை அடைக்கும். மரப்படகில் அதுதான் முறை.

பிறகு கண்ணாடி நாரைப் பசையில் நனைத்து, இரண்டு பக்கமும் ஒட்டி, காற்றுக்கூடப் புகாதபடி மூடினார்.

காற்று புகவில்லை. ஈரம் வெளியேறவும் இல்லை.

போன வருடம் கிறிஸ்துமஸ் கூட்டத்தோடு போகும்போது, கழியின் நடுவில் மோட்டார் பிய்த்துக்கொண்டு விழுந்தது. தண்ணீர் ஏறிப் படகு மூழ்கி ஆறு பேர் செத்தார்கள். ஓட்டிய அப்பாதுரை நீந்திப் பிழைத்தான். பிழைத்ததே அவனுக்கு வினையாகிவிட்டது. "பலகை தானா பிச்சிக்கினு போச்சுங்க" என்று கோர்ட்டில் தலையில் அடித்துக்கொண்டான். குடித்துவிட்டு, மீன் வலை கட்ட நட்ட கம்பத்தில் மோதினான் என்று ஊர் சொன்னது. கிழிந்த இடத்தில் சேறு அப்பியிருந்தது. அதை யாரும் நோண்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி கூண்டில் ஏறி, தன் கையால் போட்ட பலகை, இரும்பு மாதிரி இருக்கும் என்று சத்தியம் செய்திருந்தார்.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். அப்பாதுரை கடலூர் ஜெயிலுக்குப் போனான்.

இப்போது படகைப் பழுதுபார்க்கக் கூலி வேண்டாம் என்று அவர் சொன்னபோது, சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

"மேஸ்திரி, வந்துட்டேங்க."

குப்பம்மாள். அப்பாதுரையின் பெண்டாட்டி. ஊரில் இருக்கவிடாமல் துரத்தியதில் திண்டிவனம் வந்து மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் கூலி வேலை செய்கிறாள். படகு பட்டறைக்கு வந்ததிலிருந்து சாயங்காலமானால் வந்து நிற்பாள். அடுப்புக்கு இழைப்புச் சுருளும் சிராயும் அள்ளிப் போவதாகப் பேர். பட்டறைக் கழிவைக் கேட்டு வந்தவர்களுக்கு எந்தத் தச்சனும் இல்லையென்று சொல்ல மாட்டான். அதனால் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் அவர் சும்மா இருந்தார். மூட்டையை அவள் தலைக்குத் தூக்கிவிட மட்டும் ஒருநாளும் எழுந்ததில்லை. தெருவில் போகிற யாரையாவது அவள் கூப்பிட்டுக்கொள்வாள்.

மேஸ்திரி பிய்த்ததையெல்லாம் அவசர அவசரமாகக் கோணிக்குள் தள்ளி, மேலே இழைப்புச் சுருளைப் போட்டு மூடினார். அறுத்த தோலை ஓட்டையில் வைத்து, முதுகால் அழுத்திக்கொண்டு நின்றார்.

அவள் படகைத்தான் பார்த்தாள்.

"உள்ள மரம் எப்டி இருக்குதுங்க?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாளும் வந்தாள். மரம் கெட்டிருந்தால் அவள் புருஷன் வெளியே வருவான். அது அவருக்கும் தெரியும்.

"கெட்டியா இருக்குது" என்றார்.

அவள் அழவில்லை.

"நீங்க சொன்னா சரிதாங்க. ஜட்ஜும் அதத்தான் சொன்னாரு. பெத்த பொண்ண அந்தப் படகுல வாரிக் குடுத்துட்டு நிக்கிற மனுசன், எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க?"

அவர் மகள் ஞானமேரி அன்றைக்குப் பின்பலகையில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். இது எங்கப்பா போட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டினாளாம். அப்பாதுரை அவளைக் கொல்லவில்லை என்றால், கொன்றவன் என்று சொல்ல இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

குப்பம்மாள் கோணியை இழுத்தாள். இழைப்புச் சுருள் அவ்வளவு கனக்காது. குனிந்து கையை உள்ளே விட்டாள். ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்து அழுத்தினாள். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது.

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். தூற்றியிருந்தால் தேவலை.

அவள் அந்தப் பிடியைச் சிந்தாமல் கோணியிலேயே போட்டாள். வாயை இறுக்கிக் கட்டினாள். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கடலூரு பஸ்ஸுக்குப் போவணும். தூக்கி உடுங்க."

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை.

மேஸ்திரி பின்பலகையை விட்டு நகர்ந்தார். அறுத்த தோல் அவர் காலடியில் விழுந்தது. கோணியின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி அவள் தலையில் வைத்தார். தண்ணீர் அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது.