நகைக்கடைத் தராசு

"ஆறும் ஒரே நிறையா இருக்கவேணும் அண்ணை. உங்கட தராசைத்தான் நம்பியிருக்கிறன். பின்னேரம் வாறன்."

கணவன் கபிலன் டூங்கபியில் நகைக்கடை வைத்திருக்கும் ஸ்ரீகாந்தனோடுதான் தொலைபேசியில் பேசுகிறான் என்பது நிரஞ்சினிக்கு விளங்கிவிட்டது. ஆறு என்றால் காப்புகள்தான். விசா வழக்குக்காக அவளுடைய தாலிக்கொடியை விற்று எட்டு வருடங்கள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இன்று அவர்களுடைய கல்யாண நாள்.

"நானும் வாறன்," என்று சொல்லி, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டாள்.

கடையில் ஸ்ரீகாந்தன் சிவப்பு வெல்வெட் துணியை விரித்தார். அதில் ஆறு உருக்கு அம்புமுனைகள் பளபளத்தன.

"தொடாதேங்கோ தங்கச்சி, வெட்டிப்போடும். பவுண் நிறுக்கிற தராசிலை இதையும் நிறுக்க வைச்சிட்டார் உங்கட ஆள்!"

"குரொஸ்போ வில்லுக்கு பெர்மிட் வந்திட்டுதெல்லோ அண்ணை," என்றான் கபிலன். "நூறு கிரெய்ன் நிறையுள்ள முனை வேகமாப் போகும், ஆனா ஆழமா இறங்காது. காட்டுப் பண்டி வேட்டைக்கு நூற்றைம்பதுதான் சரி. அம்பும் பாரமா இருந்தால் எலும்பிலை பட்டும் நிக்காது."

"ஒண்டு மட்டும் மூண்டு கிரெய்ன் கூட."

"ஐயோ, அப்ப அதை மாத்தவேணும்."

ஸ்ரீகாந்தன் நிரஞ்சினியின் சேலையையும் வெறுங்கழுத்தையும் பார்த்தார். "தங்கச்சிக்கு ஏதும் காட்டட்டோ?"

கபிலன் பெருமையோடு சிரித்தான்.

"இவவுக்கு நகையிலை ஆசையே இல்லை அண்ணை. எட்டு வருசத்திலை ஒருக்காலும் கேட்டதில்லை."