கோட்டுக்குப் பத்தடி முன்னால்

இருபத்து நான்கு மணி நேர மலைச் சைக்கிள் பந்தயம் இருபத்து நான்கு மணி நேரம் நடக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் தவறான கருத்தை யாராவது திருத்தியாக வேண்டும். பந்தயம் இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம்தான். கடைசிக் கால் மணி நேரம் எல்லோரும் எல்லைக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று டீ குடிப்பார்கள்.

காரணம் விதிதான். சனிக்கிழமை நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். பன்னிரண்டு அடித்தபின் கோட்டைத் தாண்டினால் பந்தயம் முடிந்தது. ஒரு நிமிடம் முன்னால் தாண்டினாலும் இன்னொரு சுற்று போயே தீர வேண்டும். அதை ஒன்றரைக்குள் முடித்தால் ஒரு சுற்று கூடுதல். முடிக்காவிட்டால் பட்டியலில் இடமே கிடையாது. பந்தயத்தில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் தடத்தில் இறங்கவும் கூடாது.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலையில், ஜனவரிப் பனிக்கட்டியின் மேல், பதினேழு மணி நேர இருட்டை நெற்றி விளக்கோடு மிதித்துக் கடந்தவனுக்கு இன்னொரு சுற்றா? டீயே மேல்.

மர்டோவும் பதினொன்று நாற்பதுக்கே வந்து நின்றுவிட்டான். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பிரிவில் மூன்றாவது இடம். ஆறு வருடமாக நான்காவது. மூன்றாவதாக வருபவருக்கு இரண்டு காது வைத்த சிறிய மரக்கிண்ணம் ஒன்று தருவார்கள். அதை வைக்க அலமாரித் தட்டைக்கூட அளந்து வைத்திருந்தான்.

மனைவி ஷோனா இன்னும் மலையில் இருந்தாள். அவளுக்கு இது முதல் பந்தயம். பத்தே முக்கால் வாக்கில் மேட்டில் அவளைத் தாண்டி வந்தபோது கையை உயர்த்தி ஆட்டினாள். காற்றில் ஏதோ கத்தவும் செய்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று இவனும் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

சற்று நேரத்தில் லாக்லன் வந்தான். மூன்று வருடமாக அந்தக் கிண்ணத்தை வாங்கிப் போகிறவன். இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள். ஆனால் வந்த வரிசைப்படியே தாண்டுவதுதான் மரபு. முன்னால் நிற்பது மர்டோ.

"என்னய்யா, வேர் விட்டுட்டியா?" என்றான் லாக்லன்.

"உனக்கும் ஊத்தட்டுமா? இந்த வருஷம் உனக்கு டீ மட்டும்தான்."

லாக்லன் சிரித்தான். டீயை வாங்கவில்லை. "செயின் கோக்கிற கட்டர் வச்சிருக்கியா? என்னுது ராத்திரி எங்கயோ விழுந்துடுச்சு."

பந்தயம்தான் முடிந்துவிட்டதே என்று மர்டோ பெருந்தன்மையாக எடுத்துக் கொடுத்தான்.

லாக்லன் அதைப் பையில் போட்டுக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று ஐம்பத்தேழு. ஏறி மிதித்து, கோட்டைத் தாண்டிப் போயே போய்விட்டான்.

கூட்டம் சிரித்தது. மர்டோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூணு கிண்ணம் போதலையாம் அவனுக்கு. என் கட்டரையே வாங்கிட்டு எனக்கே வேட்டு வைக்கிறான்."

இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, நீயும் போயேன் என்றாள் நேரம் குறிக்கும் பெண்மணி. மர்டோ முழங்காலைக் கேட்டுப் பார்த்தான். அது சம்மதிக்கவில்லை. லாக்லனின் கடைசிச் சுற்றுக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒன்றரைக்குள் எங்கே வரப்போகிறான் என்று மனம் கணக்குப் போட்டு ஆறுதல் சொன்னது.

பன்னிரண்டு அடித்தது. மர்டோ தாண்டினான். அவன் பெயருக்கு நேராகப் பென்சிலால் மூன்று என்று எழுதினாள் அந்தப் பெண்மணி. பேனா, ஒன்றரைக்கு மேல்தான்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் மர்டோ விளையாட்டில் நேர்மை என்ற பொருளில் பேசினான். பன்றிக்கறி வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தவர்கள் வாயைத் திறக்க முடியாமல் கேட்டார்கள். ஒருவர் ஷோனாவைப் பற்றி விசாரித்தார். மெதுவாகத்தான் வருவாள் என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

ஒன்று இருபத்தாறு. மரங்களுக்கு நடுவே லாக்லனின் சிவப்புச் சட்டை தெரிந்தது. மர்டோ டீயைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

சிவப்புச் சட்டைக்கு முன்னால் இன்னொரு சைக்கிள். ஷோனா. தலை முதல் கால் வரை சேறு. பல் மட்டும் வெள்ளை. ஒன்று இருபத்தெட்டுக்குக் கோட்டைத் தாண்டினாள்.

லாக்லன் தாண்டவில்லை. பத்தடி முன்னால் இறங்கி நின்றான்.

"இப்ப ஊத்து அந்த டீயை."

"ரெண்டு நிமிஷம்தான்யா இருக்கு, தாண்டு" என்றாள் நேரம் குறிக்கும் பெண்மணி.

"தாண்டினா கிண்ணம் எனக்குல்ல வந்துடும். இருக்கிற மூணையே தொடச்சு மாளல."

மர்டோ ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான். அவள் செயின் கட்டரை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"மேட்டுல உன்னப் பாத்து எதை ஆட்டினேன்னு நெனச்ச?"

"கையை."

"அறுந்த செயினை."

மர்டோ லாக்லனைப் பார்த்தான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்" என்றாள் ஷோனா. "ஆறு வருஷமா நாலாவது. சொன்னா நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னு பயம்."

லாக்லன் டீயை ஊதினான். "எனக்கு அந்தப் பயம் அவ்வளவா இல்ல."

ஒன்றரை அடித்தது. நேரம் குறிக்கும் பெண்மணி பேனாவை எடுத்தாள். மூன்றாவது, மர்டோ. லாக்லன், முடிக்கவில்லை.

மரக்கிண்ணம் அளந்து வைத்த தட்டில் இருக்கிறது. அடுத்த ஜனவரிக்கு விண்ணப்பம் போய்விட்டது. இருவர் அணிப் பிரிவில் ஷோனா, லாக்லன். கூடாரத்தில் இருந்து சூப் சுட வைத்துக் கொடுப்பவர் என்ற கட்டத்தில் மர்டோ கையெழுத்துப் போட்டிருக்கிறான்.