முதுகைக் காட்டி உட்கார்ந்த காக்கா

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை, முதலில் காக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

காக்கா சிவப்பு அணி ரசிகன். தான் பார்த்த மூன்று இறுதிப் போட்டியிலும் அணி தோற்றதால், இந்த முறையும் கோப்பை போய்விடக் கூடாதென்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டி மரத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், மைதானத்தைப் பார்த்தபடி, கையில் கொடியோடு நீல அணி ரசிகன் அணில். மேல்கிளையில், எந்தக் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் மைனா.

மைனா நடுவர் மாதிரி விசில் ஊதியது. பிறகு ஒலிபெருக்கி மாதிரிக் கரகரத்தது: "சிவப்பு அணி, கோல்."

"கேட்டியாடா அணிலு?"

"கேட்டுச்சுண்ணே," என்று அணில் மூக்கை உறிஞ்சியது.

ஐந்தாவது கோலுக்குக் காக்கா கிளையிலேயே குத்தாட்டம் போட்டது. "அந்த நீலக் கொடியில கொய்யாப்பழத்தை மூட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போடா."

"சரிண்ணே."

மைனா கடைசி விசிலையும் ஊதியது.

"ஜெயிச்சாச்சு, இனிமே பார்த்தா என்ன?" என்று காக்கா கோப்பையைப் பார்க்க ஜம்மென்று திரும்பியது.

மைதானத்தில் ஒரே ஓர் ஆள், வாளிச் சுண்ணாம்போடு குனிந்து, இன்னும் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

காக்கா மெதுவாக மேலே பார்த்தது.

"அடப்பாவி மைனா, பார்க்க வச்சிட்டியேடா."