மாவுக்கு ஒரு போத்தல்

“போத்தல் கழுத்து வரைக்கும் இருக்கணும். ஒரு விரல்கட குறைஞ்சாலும் மாவு பொங்காது, சொல்லிட்டேன்” என்று காலிப் போத்தலைப் பைக்குள் செருகினாள் மகதலேனா.

“நீயே போய் அளந்து வாங்கிக்கயேன்” என்றார் அவள் கணவர் மாரிஸ்.

“கள்ளுக்கடை வாசல்ல ஒரு பொம்பள போய் நின்னா நாளைக்குக் கோயில் பூரா அதுதான் பேச்சு. அதுவும் மாதா சபைத் தலைவி. நீங்க போங்க. வழியில மோந்துகூடப் பாக்கக் கூடாது.”

1935-இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பீட்சா வேகிற வீடு அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன் ஓர் இத்தாலிய இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது மகதலேனா கற்றுக்கொண்டது. ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? ஆப்பத்துக்கு ஊற்றுகிற கள்ளையே இதற்கும் ஊற்றிக்கொள்கிறேன் என்றாள். சனிக்கிழமை தவறாமல் பீட்சா. சனிக்கிழமை தவறாமல் ஒரு போத்தல் கள்.

வாங்கப் போகிற ஆள்தான் கொஞ்சம் ஆபத்தான ஆள். ஈஸ்டரன்று பீடத்தின் முன் மண்டியிட்டு, இனிக் கள்ளைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் மாரிஸ். மண்டியிட வைத்தவள் மகதலேனா. ஆண்பிள்ளை சத்தியம் செய்தால் ஊர் மெச்சும். அதைக் காவல் காக்கிற வேலை மட்டும் பெண்டாட்டி தலையில்.

ஊர் மெச்சியதன் பலன், நாளைத் திருவிழாவில் மாதா சப்பரத்தின் முன்தண்டு அவர் தோளில். பதினொரு வருஷம் பின்தண்டைப் பிடித்து எவன் முதுகையோ பார்த்துக்கொண்டு நடந்த மனிதர். புது வேட்டியைக்கூட மடித்து வைத்தாயிற்று.

“ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சா, நானே சாமியார்கிட்ட சொல்லித் தண்டப் பிடுங்கிடுவேன்” என்று மகதலேனா எச்சரித்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஆறு மாதமாக ஒழுங்காகத்தான் கொண்டுவந்தார். அன்று என்ன வெயிலோ, ஆற்றோர மரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, ரொம்பப் புளித்துவிட்டதா என்று ஒரு வாய் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. சந்தேகம் தீர்ந்தபோது போத்தலும் தீர்ந்திருந்தது.

திரும்பி ஓடினால், கடையில் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். முச்சந்திக் கஞ்சிக் கடையில் கெஞ்சி, வடித்த தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டார். வெள்ளையும் கலங்கலும் சரியாக இருந்தன. நுரைக்காகக் குலுக்கினார். வாயில் நான்கு கிராம்பைப் போட்டுக்கொண்டு வீடு சேர்ந்தார்.

மகதலேனா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தாள்.

“யாரும் உள்ள வராதீங்க. பொங்குற மாவப் பாத்தா கண்ணு படும்.” குசினிக் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பன்னிரண்டு வயது வெரோனிகா தக்காளி நறுக்கினாள். தம்பி சிரில் டின் சீஸைத் துருவித் தட்டுக்குப் பாதி, வாய்க்குப் பாதி என்று பங்கு வைத்தான். மாரிஸுக்கு நெத்திலித் தலை கிள்ளும் வேலை.

“அப்பா, தலையத் தட்டுல வச்சிட்டு உடம்பக் குப்பையில போடுறீங்க” என்றாள் வெரோனிகா.

“எல்லாம் ஒண்ணுதான் லா.”

“கிராம்பு வாசம் வேற வருது. பல்லு வலியா?”

“ஆமா.”

“எந்தப் பல்லு?”

“எல்லாப் பல்லும்.”

கஞ்சித் தண்ணீரில் மாவு எப்படிப் பொங்கும்? கதவு திறந்ததும் குட்டு உடையும். முன்தண்டு கைவிட்டுப் போகும். வேட்டியைத் திரும்பப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. எப்போதும் அந்த நேரத்தில் மகதலேனா, அடுப்புச் சூட்டில் கன்னம் சிவக்க, மாதா பாட்டுப் பாடிக்கொண்டே வருவாள். இன்று முகம் கடுகடுவென்று இருந்தது. மாரிஸ் எழுந்து நின்றார்.

“ஏன் நிக்கிறீங்க? மாவ எடுத்து வாங்க.”

உள்ளே போய் ஈரத்துணியைத் தூக்கினார். பேசின் விளிம்பைத் தாண்டிக் கொழுகொழுவென்று பொங்கி நின்றது மாவு.

“அம்மா, அப்பா ஏன் மாவப் பாத்துச் சிலுவ போடுறாரு?” என்றான் சிரில்.

ஆளுக்கொரு உருண்டை எடுத்துக்கொண்டார்கள். சிரில் ரயில் இன்ஜின் வடிவில் தட்டினான். புகைபோக்கி அறுந்து விழுந்தது. வெரோனிகா நெத்திலிகளைப் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார வைத்தாள். எப்போதும் மாவை முஷ்டியில் சுழற்றிக் கூரைவரை எறிந்து பிடிக்கும் மகதலேனா, இன்று அதைப் பலகையில் ஓங்கி அறைந்தாள்.

“பாட்டு இல்லையாம்மா?”

“வரல. வேலையப் பாரு.”

பின்கட்டில் மண்ணெண்ணெய்த் தகரத்தால் செய்த அடுப்பில், மேலும் கீழும் கரித் தணலோடு முதல் பீட்சா வெந்தது. வாசனை வர வர மாரிஸ் மறுபடி சிலுவை போட்டுக்கொண்டார். கஞ்சித் தண்ணீரில் மாவு பொங்கியது புதுமை, அற்புதம். மாதா தன்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுடைய சப்பரத்தை இந்தத் திருட்டுத் தோளிலா தூக்குவது? தண்டு போனால் போகட்டும் என்று முடிவெடுத்து, தனியாக உட்கார்ந்து கரி ஊதிக்கொண்டிருந்த மகதலேனாவிடம் போனார்.

“லேனா, ஒண்ணு சொல்லணும். அந்தக் கள்ளு...”

அவள் ஊதுகுழலைத் தரையில் போட்டாள்.

“கள்ளா அது? மாவுக்கென்ன, போன வாரத்து மாவுல ஒரு உருண்டை எடுத்து வச்சுப் போட்டா தானா பொங்கிட்டுப் போகுது. ஒரு போத்தல் முழுசாக் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு பாட்டுகூட வரலியே.”